பழைய கார் ஸ்டீரியோவில் ஆக்ஸ் இணைப்பு

ஆக்ஸ் எனப்படும் வெளி ஒலி உள்ளீடு, காரோடு சேர்ந்து வரும் ஸ்டீரியோக்களில் பரவலாக இடம்பெற்றது 2000-க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில்தான். அதற்கு முன் முக்கால் நூற்றாண்டு காலம் கார் ரேடியோ பெரும்பாலும் ஓர் அடைத்த பெட்டி. ஏரியல் கொண்டுவந்ததைப் பாடியது; பிறகு வாயில் செருகிய டேப்பையும் சிடியையும் பாடியது. வெளியிலிருந்து ஒரு வயரைக் கொண்டுபோய்ச் செருக அதில் இடம் இல்லை. ஆகவே பழைய செட்டில் ஆக்ஸ் சேர்ப்பது என்பது, வேறு வேலைக்கென்று வைத்த திறப்புகளை ரேடியோ மெக்கானிக்குகளும் சிறு உற்பத்தியாளர்களும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த கதை.

கார் ரேடியோவே முதலில் பின்னால் சேர்க்கப்பட்ட பொருள்தான். 1930-ல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் விற்ற செட், கார் வாங்கிய பிறகு தனியே வாங்கிப் பொருத்த வேண்டியது. கார் கம்பெனியே டாஷ்போர்டில் பொருத்தித் தரும் வழக்கம் மெல்லப் பரவியது. ரேடியோ அல்லாத ஒன்றை அதன் வழியே ஒலிக்கவைக்கும் பெரிய முயற்சி 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் நடந்தது. 'ஹைவே ஹை-ஃபை' என்ற அந்த இசைத்தட்டுக் கருவியை சிபிஎஸ் ஆய்வகத்தின் பீட்டர் கோல்ட்மார்க் உருவாக்கியிருந்தார். நிமிடத்துக்கு 16⅔ சுற்று சுழலும் தனிவகைத் தட்டுகள் மட்டுமே அதில் ஓடும். ஒலி காரின் ரேடியோ வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். அந்தக் கருவி சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது. 

முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பொதுவான திறப்பு ஏரியல் துளை. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் பெருகிய காலத்தில் பெரும்பாலான கார்களில் ஏஎம் ரேடியோதான் இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் எஃப்எம் கன்வர்ட்டர் பெட்டி அப்போது விற்பனைக்கு வந்தது. ஏரியல் வயரை அதில் செருகி, அதிலிருந்து வரும் வயரை ரேடியோவில் செருகினால், எஃப்எம் நிகழ்ச்சியை அது ஏஎம் அலையாக மாற்றிக் கொடுக்கும். ரேடியோவுக்கு அது இன்னொரு ஏஎம் நிலையம், அவ்வளவுதான். செட்டைத் திறக்காமல், அது நம்பும் மொழியிலேயே அதனுடன் பேசும் இந்த உத்திதான் பின்னால் வந்த பலவற்றுக்கும் முன்மாதிரி. 1966 மாடல் ஃபோர்டு கார்களில் தொடங்கிப் பரவிய 8-டிராக் டேப் பெட்டிகளிலும் இதே புத்தி வேலை செய்தது. அவற்றில் செருகும் கார்ட்ரிட்ஜ் வடிவத்தில் கேசட் பிளேயரும் எஃப்எம் ரேடியோவும்கூடச் செய்து விற்றார்கள்.

பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட் 1980-களில் கார்களின் பொது ஊடகமாகிவிட்டது. 1979-ல் வந்த சோனி வாக்மேனும், 1984-ல் வந்த கையடக்க சிடி பிளேயரும் காரில் ஏறியவர்களின் கையில் இருந்தன; ஆனால் காரின் ஸ்பீக்கரோடு அவற்றுக்கு உறவில்லை. அந்த உறவை ஏற்படுத்தியது கேசட் அடாப்டர். இதை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் லாரி ஷோட்ஸ். வெளியே பார்த்தால் சாதாரணக் கேசட்; உள்ளே டேப் கிடையாது. டேப்பைப் படிக்கும் செட்டின் ஹெட் வந்து அமரும் இடத்தில் எதிர்முகமாக இன்னொரு சிறிய ஹெட் இருக்கும். பிளேயரிலிருந்து வரும் மின்னோட்டம் அதில் காந்தப்புலமாக மாறும். செட்டின் ஹெட் அதை டேப்பில் பதிந்த பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். சக்கரங்கள் சுழலாவிட்டால் டேப் முடிந்துவிட்டது என்று செட் நின்றுவிடும் என்பதால், இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் பல்சக்கரங்களும் உண்டு. ஆட்டோ ரிவர்ஸ் செட்டுகள்தான் இதற்குப் பெரிய தொல்லை. ஏதோ ஒரு கணத்தில் குழம்பி, பக்கம் மாற்றப் பார்க்கும். ஆயினும் ஸ்க்ரூடிரைவரே தொடாமல், கேசட் செட் உள்ள எந்த ஊர்க் காரிலும், அரை நிமிடத்தில் வேலை செய்த இணைப்பு இது. இந்த வரலாற்றில் ஒரே ஒரு பொருளைப் போற்ற வேண்டுமென்றால் அது இந்தக் கேசட் அடாப்டர்தான்.

பழைய செட்டைக் கழற்றிவிட்டுப் புதியது வைப்பது எளிதல்லவா என்ற கேள்விக்கு ஒரு காலம் வரை 'ஆம்' என்பதே பதில். ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்த 'டின்' அளவில், 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட துளை இருந்தால் எந்த செட்டும் அதில் உட்காரும். 1990-களில் கார் கம்பெனிகள் இந்தச் செவ்வகத்தை விட்டு விலகத் தொடங்கின. 1996 மாடல் ஃபோர்டு டாரஸில் ரேடியோவும் ஏசி பொத்தான்களும் முட்டை வடிவத்தில் ஒரே பலகையாக வார்க்கப்பட்டிருந்தன. அதைப் பெயர்த்தால் டாஷ்போர்டின் முகமே போய்விடும். ஸ்டியரிங்கில் வைத்த வால்யூம் பொத்தான்கள் கம்பெனி செட்டோடு மட்டும் பேசின. திருட்டைத் தடுக்கச் சேர்த்த ரகசிய எண்ணால், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே பல செட்டுகள் ஊமையாயின. செட்டை மாற்றுவது கடினமானபோதுதான், இருக்கும் செட்டுக்குள் நுழையும் வித்தை தனித் தொழிலாக வளர்ந்தது.

அந்தத் தொழிலுக்குக் கிடைத்த சிறந்த திறப்பு சிடி சேஞ்சர். ஆறு அல்லது பத்து சிடிகளை அடுக்கிய பெட்டி டிக்கியில் இருக்கும். செட்டின் முதுகிலிருந்து ஒரு வயர்க் கட்டு அதுவரை போகும். ஐரோப்பியச் செட்டுகள் பலவற்றில் இதற்கென நீல நிறக் கனெக்டர் உண்டு. அதன் 19, 20-ஆம் பின்களில் இடது, வலது ஒலி நுழையும். சேஞ்சர் வாங்காதவர்களின் காரில் இந்த வாசல் சும்மா கிடந்தது. ஆனால் வயரைச் செருகினால் மட்டும் போதாது. எதிர்முனையில் சேஞ்சர் இருக்கிறதா, எந்தத் தட்டு, எத்தனையாவது பாட்டு என்று செட் கேட்கும். பதில் வராவிட்டால் அந்த வழியைத் திறக்காது. கேள்வி பதில் மொழியோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டொயோட்டாவுக்கு ஏவிசி-லான், பிஎம்டபிள்யூவுக்கு ஐ-பஸ் என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருந்தார்கள். ஆர்வலர்கள் வயரில் ஓடும் துடிப்புகளைப் பதிந்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் அந்த மொழிகளைப் படித்தார்கள். சிறிய மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று சேஞ்சரின் குரலில் பதில் சொன்னது. செட் நம்பிக் கதவைத் திறந்தது. 2004 ஜூனில் பிஎம்டபிள்யூவும் ஆப்பிளும் சேர்ந்து அறிவித்த ஐபாட் அடாப்டரும் ஐபாடை செட்டுக்கு ஒரு சிடி சேஞ்சராகவே காட்டியது. பாட்டுப் பட்டியல்கள் செட்டின் திரையில் சிடி எண்களாகத் தெரிந்தன.

2001-ல் வந்த ஐபாடால், ஏரியல் வழியும் மறுபிறவி எடுத்தது. கையடக்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்கள் சிறு வானொலி நிலையமாக மாறிப் பாட்டை ஒலிபரப்பின. நிலையம் இல்லாத அலைவரிசை கிடைத்தால் நன்றாகப் பாடும். பெருநகரத்தில் அப்படி ஓர் இடுக்கு கிடைப்பது அரிது. எஃப்எம் ஸ்டீரியோவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது என்பதால் பாட்டின் மெல்லிய மேல்நாதம் வெட்டுப்படும். பிரிட்டனில் இக்கருவிகள் 2006 டிசம்பர் வரை சட்டவிரோதம். அதன்பின் 50 நானோவாட் வரை அனுமதி கிடைத்தது. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. அங்கே ஓடி இலங்கைக்கு வந்த கார்களின் ரேடியோவில் கொழும்பு நிலையங்கள் பல கிடைக்காததற்கு அதுவே காரணம். டிரான்ஸ்மிட்டரையும் அந்தக் குறுகிய எல்லைக்குள் வைத்தால்தான் பாட்டு கேட்கும். இல்லையெனில் அலைவரிசையை மாற்றித்தரும் பேண்ட் எக்ஸ்பேண்டரை ஏரியல் வயரில் செருக வேண்டும்.

இந்த வழிகள் எதுவும் உதவாத செட்டுக்கு மிஞ்சும் வழி மூடியைக் கழற்றிச் சால்டர் வைப்பது. எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. டேப் ஹெட் தரும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை உயர்த்தும் சர்க்யூட்டுக்கு முன்னால் போனின் ஒலியைக் கொடுத்தால் கரகரவென்று சிதையும். அதற்குப் பின்னும் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னும் உள்ள புள்ளியே சரியான இடம். பழைய செட்டில் வால்யூம் குமிழின் மூன்று கால்களில் ஒன்று எர்த். ஒன்று ஒலி வந்து சேரும் கால். நடுக்கால் வெளியே போவது. ஒலி வரும் காலில் பழைய இணைப்பைத் துண்டித்து, ரேடியோவா ஆக்ஸா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சை இடையில் வைப்பார்கள். ஐசிகளின் புள்ளிகளில் நிலையான மின்னழுத்தம் இருக்குமாதலால், அது போனுக்குள் பாயாமலிருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு கெப்பாசிட்டர் தேவை.

வேலை முடிந்து எஞ்சினைக் கிளப்பியதும் பலர் கேட்டது பாட்டை அல்ல, ஊளையை. போனை அதே காரின் சார்ஜரில் மாட்டினால் எர்த் இரண்டு வழிகளில் சேர்ந்து ஒரு வளையமாகும். ஆல்டர்னேட்டரின் துடிப்பு அதில் ஏறி, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி கூடும். ஒலி வயரின் நடுவே சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் எர்த் தொடர்பு அறுந்து ஊளை அடங்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் ஆபத்து இன்னும் பெரிது. அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அங்கே சார்ஜரில் மாட்டிய போனை ஆக்ஸிலும் செருகினால், ஒலி வயரின் எர்த் வழியாகவே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

2001-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த மோஸ்ட் என்னும் ஒளியிழை வலையமைப்பு, கத்தரித்துச் சேர்க்க செப்பு வயரே இல்லாத கார்களைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு அந்த வளையத்திலேயே சேரும் தனி மாட்யூல் வேண்டியிருந்தது. அதே பத்தாண்டில் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளையைக் கார் கம்பெனிகளே தரத் தொடங்கின. கேசட் செட்டோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கடைசிப் புதிய கார் 2010 மாடல் லெக்ஸஸ் எஸ்சி 430. 2016-ல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டபோது, ஆக்ஸ் துளை உள்ள கார்களும் பழைய கார்களின் வரிசையில் சேர்ந்தன. இன்று பழைய செட்டுகளில் வால்யூம் குமிழின் அதே காலில் புளூடூத் பலகையைப் பற்றவைக்கிறார்கள். டயல் கண்ணாடியும் குமிழ்களும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே முகப்பில் இருக்க, சுவிட்ச் மட்டும் டாஷ்போர்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் அமர்கிறது.