படுவான்கரை என்னும் பெயர்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்னும் பெயர் வாய்த்தமைக்கு அங்குள்ள நெல்வயற் படுகைகளே காரணம் என்றும், படுகைக்கரை என்பதே நாளடைவில் அவ்வாறு திரிந்தது என்றும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு விழா மேடையிற் பிரசங்கம் செய்தார். அவர் அமர்ந்ததும் எழுந்த மற்றொருவர், அல்லும் பகலும் பாடுபடுவான் வாழும் கரையாதலின் அது படுவான்கரை ஆயிற்று என்று கூறிக் கைதட்டலும் பெற்றார். மட்டு என்பதற்குத் தேன் என்னும் பொருள் உண்டென்ற ஒன்றையே பற்றிக்கொண்டு களப்பு முழுவதையும் தேனாக்கிவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர் இப்பின்னவர்; அவரை அவர் போக்கில் விட்டுவிடலாம். முன்னவர் கூற்றோ கற்றாரையும் மயக்கத்தக்கது. ஆதலின் அதனை ஆராய்தல் அவசியமாகின்றது.

படுகர், படுகை என்பன பழந்தமிழ்ச் சொற்கள். தாழ்ந்த நிலத்தையும் நீரோரத்து விளைநிலத்தையும் அவை குறிக்கும் என்பதை இலக்கியம் பயின்றார் அறிவர். படுவான்கரையும் வயல் நிறைந்த நாடே. வட்டை வட்டையாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளையும், இடையிடையே வாடிகளும் மாட்டுப்பட்டிகளும் தோன்றும், அப்பட்டிகளின் தயிர் மட்டக்களப்புக்கு வெளியிலும் பெயர் பெற்றது. இவ்வளவும் உண்மையாயினும், எதிரே கடலுக்கும் வாவிக்கும் நடுவிற் கிடக்கும் நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர் வழங்குவதை அவ்வன்பர் ஏனோ மறந்துவிட்டார். சோடியாகப் பிறந்த சொற்களுள் ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்து வேர் காண முயல்வது, ஒற்றைத் துடுப்பால் தோணி வலித்து நின்ற இடத்திலேயே சுற்றிவருவது போலாகும். படுவானைப் படுகையிலிருந்து வருவிப்பவர் எழுவானை எதிலிருந்து வருவிப்பார்?

வானம் எழும் கரை, வானம் படும் கரை என்று பொருள் கூறுவாரும் உளர். வானம் எழுவதுமில்லை, படுவதுமில்லை. எழுவதும் படுவதும் ஞாயிறே. படு என்னும் பகுதியும் வகர எதிர்கால இடைநிலையும் ஆன் விகுதியும் சேர்ந்த வினையாலணையும் பெயரே படுவான், எழுவானும் அவ்வாறே. பகலவன் என்றும் ஆதவன் என்றும் ஆண்பாலில் வைத்துச் சொல்லப்படும் ஞாயிற்றை எழுபவன், படுபவன் என்று அழைத்தலில் வியப்பொன்றுமில்லை. எழுதல் என்னும் இவ்வினையிலிருந்துதான் இலக்கண நூலாரின் எழுவாயும் பிறந்தது. ஆங்கே தொடக்கம், ஈங்கே உதயம். இன்றும் இப்பக்கத்துத் தாய்மார் வெளியே புறப்படும் பிள்ளையிடம் “பொழுதுபட முதல் வந்திரு மகன்” என்று சொல்லியே அனுப்புவர். வாழும் வழக்கே இவ்வாறு சான்று பகரும்போது ஏடுகளைப் புரட்டுவது எதற்கு?

எனினும், புரட்டித்தான் ஆகவேண்டும் என்பார்க்குத் தமிழின் உடன்பிறந்த பாஷைகள் உதவும். மேற்கு, கிழக்கு என்பன மேல், கீழ் என்னும் அடியாகப் பிறந்து, மேலே மலையும் கீழே கடலுமாகச் சரிந்த தமிழ்நிலத்தின் இயல்பைக் காட்டுவன என்று கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்திலே விளக்கினார். மலையாள நாட்டிலோ மலை கிழக்கிலும் கடல் மேற்கிலும் உள்ளன. அங்கே கிழக்கு என்னும் சொல் மலைப்பக்கத்துக்கே நிலைத்துவிட, மேற்குத் திசைக்குப் படிஞ்ஞாறு, அதாவது படுஞாயிறு, என்னும் பெயர் பெருவழக்காயிற்று. இதனைக் கண்டதும் நம்மவர் சிலர், தாய்வழிக் குடிமுறையையும் கண்ணகி வழிபாட்டையும் உடன்சேர்த்து, இச்சொல்லும் சேரநாட்டிலிருந்து கப்பலேறி வந்ததென்று முடிவு கட்டிவிடுவர். அவசரம் வேண்டா. கன்னடத்தார் மேற்கைப் படுவண என்றும் கிழக்கை மூடண என்றும் வழங்குகின்றனர். துளு நாட்டிலே கடலோரத்து ஊர் படுபித்ரி, அதற்குக் கிழக்கே உள்நாட்டில் அமைந்த ஊர் மூடபித்ரி. ஞாயிற்றை வைத்துத் திசையைக் குறித்த இவ்வழக்கு ஒரு நாட்டுக்கே உரியதன்று என்பதும், எவரும் எவரிடமும் கடன் வாங்கவேண்டிய தேவை இருந்ததில்லை என்பதும் இதனாற் புலனாகும்.

இனி, இப்பெயரை இட்டவர் யாவர்? குறுமண்வெளித் துறையிலிருந்து மாலை வேளையில் மண்டூருக்குப் ‘பாதை’ ஏறிப் பாருங்கள். (இங்கே பாதை என்பது வழியன்று; ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கே அப்பெயர். வாவியையும் இங்குள்ளார் ஆறு என்றே சொல்வர்.) நீரோரத்தில் இறாலுக்கு அத்தாங்கு போடுவார் இடுப்பளவு நீரில் நிற்க, எதிரே சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் கந்தசுவாமி கோயிலையுடைய மண்டூர், தில்லை மரங்களின் பின்னே தோன்றும். பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் அதே தில்லைதான் சிதம்பரத்துக்கும் பெயர் கொடுத்தது. மண்டூரைத் தில்லை மண்டூர் என்று போற்றுவதும் அம்மரம் பற்றியே. அத்தில்லைகளுக்குப் பின்னால் ஞாயிறு இறங்குவது நீரில் நிற்பவனுக்கே கரையிற் படுவதாகத் தோன்றும்; மண்டூரில் நிற்பவனுக்கோ அது வயல்களுக்கு அப்பால் வெகுதொலைவிலேதான் படும். ஆகவே இரு கரைகளையும் ஒருங்கே கண்டு பெயரிட்டவன் தோணிக்காரனே யன்றி வயற்காரன் அல்லன் என்பது என் துணிபு.

2014ஆம் ஆண்டு மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழியே கொக்கட்டிச்சோலைக்குச் செல்வார் தோணியேற வேண்டுவதில்லை. ஆயினும் பெயர் மாறவில்லை, மாறப்போவதுமில்லை. படுகை வாதத்தை விடமாட்டேன் என்பார் முதலில் எழுவானுக்கு ஒரு படுகை தேடிவரட்டும். அதன் பின்பு அவரோடு வாதம் செய்யச் சித்தமாயிருக்கிறேன்.