1975-ல் எத்தனை ஸ்டார்?

போன வெள்ளிக்கிழமை ஒரு படத்துக்குப் போய், இடைவேளையிலேயே எழுந்து வந்து, "மொக்கை, காசு தண்டம்" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வேலைக்காக மும்பை வந்த நாளிலிருந்து எனக்கு இது பழக்கம். ஆக்‌ஷனோ, காமெடியோ, சாமி படமோ, எதுவானாலும் முதல் வாரமே பார்த்து ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று போட்டுவிடுவேன். அதை நம்பிப் படம் பார்க்காமல் விட்டவர்களும் உண்டு.

பக்கத்து ஃப்ளாட் மாமா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். லிஃப்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "1975-ல நீ இருந்திருந்தா ஷோலேக்கு எத்தனை ஸ்டார் குடுத்திருப்பே?"

"அஞ்சுதான் மாமா, இதுல என்ன சந்தேகம்?"

"சும்மா சொல்லாதே. அன்னிக்கு எழுதினவாளே குடுக்கலை."

அவர் சொன்னது உண்மைதானா என்று அந்த வருடத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உண்மைதான்.

ஷோலே வெளியானது 1975 ஆகஸ்ட் 15. ரமேஷ் சிப்பி இயக்கம், சலீம்-ஜாவேத் எழுத்து, 70 எம்.எம். பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்தில் ஒரு கிராமத்தையே செட் போட்டு எடுத்த படம். முதல் விமர்சனங்களில் உற்சாகம் இல்லை. வெஸ்டர்ன் படங்களை நம் ஊரில் ஒட்டப் பார்த்திருக்கிறார்கள், ஒட்டவில்லை என்கிற தொனி. கப்பர் சிங்காக வந்த அம்ஜத் கானின் குரலில் பலமில்லை என்று வியாபார வட்டாரத்தில் பேச்சு. படம் படுத்துவிட்டது என்று பயந்து, அமிதாப்பின் பாத்திரம் சாகாதபடி முடிவை மாற்றலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வரை பொறுத்துப் பார்ப்போம் என்றாராம் சிப்பி. சலீம்-ஜாவேத் மட்டும், ஒவ்வொரு விநியோக ஏரியாவிலும் ஒரு கோடி வசூலாகும் என்று தைரியமாக விளம்பரமே கொடுத்தார்கள்.

தியேட்டரில் கைதட்டல் இல்லை, விசில் இல்லை. அதைத்தான் தோல்வி என்று நினைத்தார்கள். இடைவேளையில் ஜனங்கள் சீட்டை விட்டு எழுந்து வராததால் கூல்டிரிங்க்ஸ் விற்பனை குறைகிறது என்று வொர்லியில் ஒரு தியேட்டர்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. பிடிக்காததால் வந்த மௌனம் இல்லை அது, வாயடைத்துப் போனதால் வந்தது! (இடைவேளையில் எழுந்து வந்த எனக்கு இந்த இடத்தைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது.)

பிறகு நடந்தது தெரிந்த கதை. லாமிங்டன் ரோடு மினர்வாவில் 5 வருடத்துக்கு மேல் ஓடியது. பாட்டு ரெக்கார்டைவிட வசன ரெக்கார்டுக்குத்தான் கிராக்கி; அதிலும் சரியில்லை என்று சொன்ன அந்தக் கப்பர் குரலுக்கு. ஆனால் அந்த வருட ஃபிலிம்ஃபேரில் கிடைத்தது எடிட்டிங்குக்கு ஒரே ஒரு விருது. சிறந்த படம் 'தீவார்'. 2005-ல் அதே ஃபிலிம்ஃபேர், 50 ஆண்டுகளின் சிறந்த படம் என்று ஷோலேக்கு விருது கொடுத்தது.

சரி, ஷோலேயை அளக்கத் தெரியவில்லை. அதே வருடம் வந்த 'ஜெய் சந்தோஷி மா'வை எந்த ஸ்கேலால் அளப்பது? சின்ன பட்ஜெட், பெரிய ஸ்டார் யாரும் இல்லை. டிரிக் ஷாட் எல்லாம் சிரிப்பு வரும் ரகம். ஆனால் ஜனங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். திரையில் பூவும் காசும் எறிந்தார்கள். அந்த வருடத்தின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. மாமாவின் அம்மா படம் பார்த்துவிட்டு வந்து, 16 வெள்ளிக்கிழமை விரதம் ஆரம்பித்தாராம். வெல்லமும் கொண்டைக்கடலையும் பிரசாதம். புளிப்பு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. "நாலு மாசம் வெள்ளிக்கிழமைன்னா ரசம் கிடையாது, மோர் கிடையாது. நீ ரெண்டு ஸ்டார் குடுத்திருந்தா எங்கம்மா கேட்டிருப்பாளா?" என்றார்.

ஏப்ரலில் வந்த 'சுப்கே சுப்கே' இன்னொரு வகை. ஷோலேயில் துப்பாக்கி தூக்கிய தர்மேந்திராவும் அமிதாப்பும் இதில் பாட்டனி, இங்கிலீஷ் புரொஃபசர்கள். சத்தமில்லாத காமெடி.

குல்சாரின் 'ஆந்தி' பிப்ரவரியில் வந்தது. நாயகி சுசித்ரா சென்னைப் பார்த்தால் இந்திரா காந்தி ஞாபகம் வருகிறது என்று, ஜூன் 25-ல் எமர்ஜென்சி வந்தபின் தடை செய்துவிட்டார்கள். 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அதற்கு விடுதலை. அதில் கணவராக நடித்த சஞ்சீவ் குமார்தான் ஷோலேயின் டாக்கூர். முன்னாள் போலீஸ்காரர் தானே கொள்ளைக்காரனைக் கொல்லக்கூடாது என்று சென்சார் சொல்ல, அந்த முடிவையும் மாற்றி எடுக்க வேண்டி வந்தது. அதாவது 1975-ல் விமர்சனம் எழுதியவர்கள் பார்த்தது இயக்குநர் முதலில் எடுத்த படமே இல்லை. அந்தப் பழைய முடிவோடு முழுப் படத்தையும் புதுப்பித்து 2025 ஜூனில் இத்தாலியின் போலோக்னாவில் திரையிட்டார்கள். 50 வருடம் கழித்து!

முதல் வாரம் திட்டு வாங்கிய படமெல்லாம் ஷோலே ஆகிவிடாது. முக்கால்வாசி மொக்கைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நான் போடும் ஸ்டார், அன்றைக்கு என் மூடு எப்படி இருந்தது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. எந்தப் படம் யார் வீட்டில் ரசத்தை நிறுத்தும் என்று எனக்கெப்படித் தெரியும்?

பாதியில் விட்ட அந்தப் படத்துக்கு ஞாயிறு மாலைக் காட்சி இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மாமாவும் வருகிறார்.