நீரில் மறைந்த நஞ்சை அளந்த கதை

குடிநீர் ஒரு லிட்டரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று 1980-இல் ஐரோப்பியச் சமூகம் விதித்தது. அஃதாவது, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு! விதி செய்தல் எளிது, அளந்தறிவதோ அரிது. ஆற்று நீரை மொண்டு சோதனைச்சாலைக்கு அனுப்பி, முடிவு கைக்கு வருமுன் அந்நீர் குழாய் வழியே வீடுகளுக்குச் சென்றிருக்கும்.

இதற்கு வழி மருத்துவத்திலிருந்து வந்தது. அயற்பொருள் உடலில் புகுந்தால் அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் குருதியில் தோன்றும். ஆயினும் பூச்சிக்கொல்லியின் மூலக்கூறு மிகச் சிறிது. உடல் அதனைப் பொருட்படுத்தாது. சிறு வேதிப்பொருளைப் புரதத்தோடு பிணைத்துச் செலுத்தினால் அதற்கும் எதிர்ப்பொருள் உண்டாகும் என்பதை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் முன்னரே காட்டியிருந்தார்.

அளக்கும் முறையைத் தந்தோர் நியூயார்க்கின் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் ஆவர். இன்சுலின் பெற்ற நோயாளரின் குருதியில் அதற்கு எதிர்ப்பொருள் இருப்பதை இவர்கள் கண்டனர். அறிஞருலகம் நம்பவில்லை. 1955-இல் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. தலைப்பிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்னும் சொல்லை நீக்கிய பின்னரே 1956-இல் அச்சேறியது. அம்மையார் அதை மறக்கவில்லை. 1977-இல் நோபெல் பரிசு பெற்றபோது அந்த மறுப்புக் கடிதத்தைத் தம் சொற்பொழிவிலேயே சேர்த்துக்கொண்டார். பெர்சன் 1972-இலேயே மறைந்துவிட்டார்.

அவர்கள் கண்ட முறை ஒரு போட்டியே. எதிர்ப்பொருளிடம் இடம் சில. கதிரியக்கக் குறியிட்ட இன்சுலினும் குறியற்ற இன்சுலினும் அவற்றுக்குப் போட்டியிடும். குறியற்றது மிகுந்தால் குறியிட்டது ஒட்டுவது குறையும். 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் கதிரியக்கத்தை விடுத்து நொதியைக் கொண்டனர். 1975-இல் டீல்டிரின், ஆல்டிரின் ஆகிய பூச்சிக்கொல்லிகளையும் எதிர்ப்பொருளால் அளந்தனர். அவ்வாண்டே கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வற்றாது பெறும் வழி கண்டனர்.

1990-களில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தார் பங்கேற்று ஆக்கிய 'ரியானா' என்னும் ஆற்றுநீர்க் கருவியில், கண்ணாடித் தகட்டின்மேல் பூச்சிக்கொல்லியை ஒத்த பொருள் ஒட்டப்பட்டிருக்கும். ஒளிரும் எதிர்ப்பொருளை நீரோடு கலந்து அதன்மேல் ஓடவிடுவர். நீரில் நஞ்சிருந்தால் எதிர்ப்பொருள் அதனிடமே சிக்கிவிடும். தகட்டில் ஒளி மங்கும். மங்கல் மிகுந்தால் நஞ்சும் மிகுதி. முடிவு சில நிமிடங்களில் கிட்டும்.

குறையும் உண்டு. களைக்கொல்லியான அட்ரசினுக்கென ஆக்கிய எதிர்ப்பொருள், அதன் உறவான புரோபசினையும் பற்றிக்கொள்ளும். ஆகவே ஐயமெழுந்தால் பழைய சோதனைச்சாலை முறையே உறுதி செய்யவேண்டும். அந்த அட்ரசினை 1991-இல் ஜெர்மனி தடை செய்தது. பல ஆண்டுகள் கழித்தும் அந்நாட்டு நிலத்தடி நீரில் அது காணப்பட்டது.