கார்த்திகை மழையும் காமிராவும்

திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றும் கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழையின் காலமாகவும் அமைந்துவிட்டதால், 2,668 அடி உயர மலையுச்சியில் மாலை 6 மணிக்குக் கொப்பரையில் சுடர் எழும் க்ஷணத்தை எதிர்நோக்கிக் கிரிவலப் பாதையில் நனைந்துகொண்டு நிற்கும் பக்தர்கள் மழையை ஓர் இடையூறாகவே கருதுவதில்லை. தோளில் காமிரா மாட்டி வந்தவருக்கோ அதுதான் பரம சத்துரு. பிலிம் சுருளின்மேல் பூசியிருப்பது வெள்ளி உப்புக்கள் கலந்த ஜெலட்டின். டெவலப் செய்யும் திரவத்தை உள்வாங்கிக்கொள்ள உதவுகிற அதன் குணமே, வேளை தப்பி ஈரம் பட்டால், அதை உப்பச் செய்து, சுருளின் அடுத்த சுற்றோடு ஒட்டிக் கெடுத்துவிடுகிறது.

இவ்வூரைப் படம் பிடித்தவர்களுள் உலகப் பிரசித்தி பெற்றவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். ஸ்ரீ ரமண மகரிஷியின் அந்திம நாட்களில் இங்கே இருந்த அவர், 1950 ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மகரிஷி சமாதியடைந்த வேளையில், ஒளி வால் நீண்ட தாரகையொன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் பின்னே மறைந்ததைக் கண்டதாக எழுதிவைத்தவர். அவர் பெயரோடு பிரியாமல் வழங்கும் லைக்கா காமிராவுக்குச் சித்திரை வெயிலில் கவலையில்லை. கார்த்திகையில் வந்திருந்தால் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டே அவர் நடந்திருக்கவேண்டும்.

நீருக்கு அஞ்சாத காமிரா மழைக்காகப் பிறந்ததன்று, கடலுக்காகப் பிறந்தது. கடலடி ஆராய்ச்சியாளர் ழாக் கூஸ்தோவுக்காகப் பெல்ஜியப் பொறியாளர் ழான் தெ வூட்டர் வகுத்து, கூஸ்தோவின் கப்பற்பெயரையே தாங்கிய 'கலிப்ஸோ', 1960-ஐ ஒட்டிப் பிரான்ஸில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் நிக்கான் கம்பெனி உரிமை பெற்று 1963-ல் அதை 'நிக்கோனோஸ்' என்று வெளியிட்டது. சாதாரணக் காமிராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் பழைய முறைக்கு மாறாக, இதில் காமிராவின் உடலே நீர்புகாக் கூடு. லென்ஸைக் கழற்றிய பின், தோல்வாரை மாட்டும் காதுகளையே நெம்புகோலாகக் கொண்டு கூட்டிலிருந்து உள்யந்திரத்தை மேலே கிளப்பி எடுத்துப் பிலிம் போடவேண்டும். படமெடுப்பதும் சுருளை நகர்த்துவதும் ஒரே கைப்பிடியால் நடக்கும். இத்தனை சாமர்த்தியமும் மெல்லிய ரப்பர் வளையங்களை நம்பியே நிற்கிறது. வளையத்தின்மேல் ஒரு தலைமயிர் கிடந்தாலும் ஜலம் வழி கண்டுபிடித்துவிடும்.

மழை தாங்கும் கைக்கடக்கமான காமிராக்களின் முறை பிறகு வந்தது. 1979-ல் பியூஜிக்கா எச்.டி.-1, 1980-ல் ஐந்து மீட்டர் ஆழம்வரை தாங்கும் மஞ்சள் நிற மினோல்டா வெதர்மாட்டிக், அப்பால் நிக்கான், கேனன் என்று ஜப்பானியர் வரிசையாக அனுப்பினார்கள். தீபத்தைப் பொறுத்தமட்டில் இவையும் பூரண சாதனமல்ல என்பேன்: மழையில் பிளாஷ் அடித்தால் எதிரே விழும் துளிகளே வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தை நிறைக்கும், மலையுச்சிச் சுடரை அந்த வெளிச்சம் எட்டுவதுமில்லை.

நம் நாட்டிலோ இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். இந்தியாவில் தயாரான ஆக்பா கிளிக் காமிராவும், பின்னாளில் ஹாட் ஷாட் காமிராவும், உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் உற்பத்தி செய்த 'இந்து' பிலிமுமே சாமானியருக்கு எட்டியவை. இவற்றில் எதுவும் மழை தாங்கும் ஜாதியன்று. பாலிதீன் பையில் லென்ஸுக்குத் துவாரம் போட்டு ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டுவதே நம்மவர் கையாண்ட உபாயம். ஆகவே நம் வீட்டு ஆல்பங்களிலுள்ள தீபங்கள் பெரும்பாலும் மழை விட்ட வேளையின் தீபங்களே என்பது என் அபிப்பிராயம். கொட்டுகிற மழையில் குடைகள் நெருங்க நின்று 'அரோகரா' என்று கூவிய கூட்டம் படத்தில் அகப்படாமலே போயிற்று.

பிலிம் மோகம் திரும்பியிருக்கும் இந்நாளில் பழைய வெதர்மாட்டிக்கையோ நிக்கோனோஸையோ தேடி வாங்குகிறவர்கள் பலர். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், நாற்பது வருஷ ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும் என்பதை மறவாமல், முதலில் வளையங்களை மாற்றிச் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பிலிமுக்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். காகிதம் உலர்ந்தே இருந்தால் தாராளமாகத் தீபத்துக்கு எடுத்துச் செல்லலாம்.