மொனசைற்று மணலும் மகளிர் தைரொயிட்டும்

சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியைக் கலைநூல் வல்லுநராகவே பலரும் அறிவர். அவர் இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராயிருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டளவில், சப்பிரகமுவைப் பகுதியிற் கிடைத்த தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகறியச் செய்தோருள் ஒருவர் என்பதைச் சிலரே நினைவுகூர்வர். அதிற் செறிந்த தோரியம் கதிரியக்கமுடையது.

புல்மோட்டைக் கடற்கரையிலும், அதனினும் மிகுதியாகக் குமரிக் கரையோரத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும், தோரியம் மொனசைற்று மணலிற் கலந்து கிடக்கின்றது. மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பை 1909இல் சோம்பேர்க் என்னும் செர்மானியர் கண்டறிந்தார். வாயு விளக்கில் ஒளிவிடும் வலைப்பை செய்தற்கே அது முதலில் வேண்டப்பட்டது. அணுவாற்றலின் பேச்சுப் பின்னர் எழுந்தது. அத்தகைய மணலிலே பிறந்து, அங்கேயே கருவுற்று, மகப்பெற்று முதிர்ந்த பெண்களின் தைரொயிட்டுச் சுரப்பி என்னாயிற்று என்பது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று.

கேரளக் கரையில் தைரொயிட்டுக் கட்டிகளை ஆராய்ந்து 1976இல் வெளிவந்த ஆய்வு, அவை அங்கு மிகுந்திருக்கக் காணவில்லை. இதனினும் திட்பமானது 1990இல் வெளிவந்த சீனத்து யாங்சியாங் ஆய்வு. அங்கும் கதிருக்குக் காரணம் மொனசைற்றே. வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தே வாழ்ந்த, 50 முதல் 65 வயதுவரையுள்ள பெண்கள் 1,001 பேரும், கதிர் குறைந்த அயலூர்ப் பெண்கள் 1,005 பேரும் சோதிக்கப்பட்டனர். கட்டியுடையோர் முன்னவருள் நூற்றுக்கு 9.5, பின்னவருள் 9.3. வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். கருவுற்ற மாதங்கள் தனியே பிரித்து நோக்கப்பட்டில. எனினும் அவையும் அவ்வாழ்நாளுள் அடங்கியவையே.

மணலின் கதிர் உடல் முழுவதிலும் மெல்லெனப் பரந்து, ஆண்டுக்கணக்காகப் படுவது. அணுப்பிளவிற் பிறக்கும் கதிரியக்க அயடீனோ பாலோடும் நீரோடும் உட்புகுந்து, தைரொயிட்டிலே சென்று குவியும். உணவில் அயடீன் குறைந்தவரிடத்து அக்குவிவு பெரிது. (கடலுணவில் அயடீன் உண்டு, கொழும்புத்துறை போன்ற கரையூரார்க்கு அது நாள்தோறும் கிட்டுவது.) கருவுற்றாளின் சுரப்பி வழக்கத்தினும் மிகுதியாக உழைக்கும், ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரமளவில் சிசுவின் சுரப்பியும் அயடீனை ஈர்க்கத் தொடங்கும். ஆகவே தாய் உண்பது இருவரையும் சாரும். 1986ஆம் ஆண்டுச் செர்னோபில் விபத்தின்போது தாய் வயிற்றிலிருந்த உக்ரேனியர் முதலாக 2,582 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. கதிர் மிகுந்தோரிடம் புற்றுநோய் மிகுதற்குறி தோன்றினும், நோயுற்றோர் தொகை சிறிதாதலின் ஐயமற முடிபு கூறப்படவில்லை.

இவ்வயடீனின் கொடுமை முதலில் வெளிப்பட்ட இடம் பசுபிக்கு மாகடலிலுள்ள மார்சல் தீவுகள். 1954 மார்ச்சு 1ஆந் திகதி பிக்கினியில் வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ரொங்கெலப்புத் தீவில் மழைபோற் பொழிந்தது. மக்கள் இரண்டு நாட் கழித்தே அகற்றப்பட்டனர். கதிருக்கு ஆளானோருள் கருவிலிருந்தோர் நால்வர். ஒன்பது ஆண்டுகள் தைரொயிட்டில் கட்டியெதுவும் தோன்றவில்லை. 1963இல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே முதற் கட்டி காணப்பட்டது. பின்னர், வெடித்த நாளில் வளர்ந்தோராயிருந்த பெண்களிடத்தும் கட்டிகள் தோன்றின. அத்தீவினர் 1957இல் ஊர் மீட்டுக் குடியேற்றப்பட்டிருந்தனர். 1985இல் தாமே அதனைத் துறந்து அகன்றனர்.