கோதுமைக் காசில் வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள்

1962ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஏ.கே. ராமானுஜன், பழந்தமிழுக்கு எளிய இலக்கண நூல் ஏதாவது அகப்படுமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளில் துழாவிக்கொண்டிருந்தார். கைக்கு வந்தது 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. ஐந்து ஆண்டுகளில் அதிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்கள் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற ஆங்கில நூலாக வெளிவந்தன. சங்கக் கவிதையை உலக வாசகர்கள் பலர் முதன்முதலில் கண்டது அந்த நூல் வழியாகத்தான். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவருக்குக் குறுந்தொகை எதிர்ப்பட, அவர் மிச்சிகன் ஏரிக்கரை வரை போக வேண்டியிருந்தது.

அந்தப் பிரதி அங்கே இருந்தது அதிர்ஷ்டம். அதே ஆண்டில், அப்படி அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு டெல்லியில் தொடங்கியது.

அது ஏன் தேவைப்பட்டது என்று அறியச் சற்றுப் பின்னே போக வேண்டும். அமெரிக்க நூலகங்கள் ஒன்றுக்கொன்று இரவல் கொடுக்கும் பழக்கம் அப்போதே பழசாகியிருந்தது. உஸ்டர் நகர நூலகர் சாமுவேல் ஸ்வெட் கிரீன் 1876இலேயே இதை வலியுறுத்தி எழுதினார். கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகர் ஜோசப் ரோவெல் 1886இல் அனுமதி கேட்டார், கிடைத்தது 1894இல். எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பெர்க்லிக்கும் சாக்ரமென்டோ மாநில நூலகத்துக்கும் இடையே புத்தகங்கள் போய்வந்தன. ஆனால் இரவல் முறைக்கு ஒரு வரம்பு உண்டு. நாட்டில் யாரிடமும் இல்லாத புத்தகத்தை யாரிடம் கேட்பது? இரண்டாம் உலகப் போர் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. வெளிநாட்டில் அச்சாகும் ஒவ்வொரு முக்கியமான நூலும் ஒரு பிரதியாவது ஏதோவோர் அமெரிக்க நூலகத்தில் இருக்க வேண்டும், துறை துறையாகப் பங்கு பிரித்து வாங்கிக்கொள்ளலாம் என்று 1942இல் ஃபார்மிங்டன் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். ஊர்ப் பெயரே திட்டத்தின் பெயரானது. 1948இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் கண் ஐரோப்பாவின் மேல்தான் இருந்தது. சென்னைத் தெருக்களில் அச்சாகும் நாவல் அதன் கணக்கில் வரவில்லை.

அந்த நாவலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது கோதுமை.

1954இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480ஐ, நம் ஊரில் பி.எல். 480 என்றால் வயதானவர்களுக்கு உடனே புரியும். மிதமிஞ்சி விளைந்த தானியத்தை அமெரிக்கா விற்கும்; வாங்கும் நாடு டாலர் தேட வேண்டாம், சொந்தப் பணத்திலேயே கொடுக்கலாம். பள்ளி மதிய உணவுக்கு கேர் என்ற தொண்டு நிறுவனம் வழியாக வந்த பால்பவுடரும் இதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் வந்ததுதான். கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாய் இந்தியாவிலேயே மலையாகக் குவிந்தது. அமெரிக்காவுக்கு எடுத்துப்போக முடியாத பணம். 1974இல் அதில் பெரும்பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தபோது தூதர் மொய்னிகன் நீட்டிய காசோலையில் இருந்த தொகை 1,664 கோடி ரூபாய்.

அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் புத்தகம் வாங்க 1958இல் ஒரு சட்டத் திருத்தம் வழிவிட்டது. 1962இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அங்கிருந்து இந்திய மொழிகள் பலவற்றிலும் நாவல், கவிதை, இதழ், அரசு அறிக்கை எனப் பல பிரதிகளாக வாங்கினார்கள். ஒரு பிரதி வாஷிங்டனுக்கு. மற்றவை சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு. வாங்கியவற்றின் பட்டியலும் அந்த ஆண்டிலிருந்தே அச்சாகி வந்தது. ஆயிரம் பிரதி அச்சடித்து, விற்றது போக மீதி பரணில் செல்லரித்துப்போகும் தமிழ் நூலுக்கு, கடல் கடந்து பல ஊர்களில் உலர்ந்த, குளிர்ந்த இடம் கிடைத்தது.

வந்து சேர்ந்தால் போதாது; தேடுகிறவருக்கு அகப்பட வேண்டும். அட்டவணை அட்டைகளில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பதிந்தார்கள், அதுவும் ஒலியைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேண்டுமென்றால் 'எஸ்' வரிசையில் தேடிப் பயனில்லை. தமிழ்ச் சகரம் எங்கே வந்தாலும் 'சி'தான். ழகரத்துக்கு 'எல்' போட்டு அடியில் ஒரு கோடு, ளகரத்துக்கு அடியில் ஒரு புள்ளி. முதலில் எரிச்சலூட்டும் முறைதான். ஆனால் எல்லா நூலகங்களும் அதையே பின்பற்றியதால்தான், தமிழ்த் துறையே இல்லாத சிறு கல்லூரியிலிருந்துகூட ஒரு மாணவர் இரவல் படிவத்தை நிரப்பி, தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தின் தமிழ் நாவலைத் தபாலில் தருவித்துப் படிக்க முடிந்தது.

இதன் மறுபக்கம் வலிக்கக்கூடியது. 1966இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த காலம் அது. அந்தப் பசிக்கு நாம் கொடுத்த விலைதான் அங்கே புத்தக அடுக்காக நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒன்றின்படி பதிப்பாளர்கள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும், எல்லாரும் அனுப்பிவிடவில்லை. சட்டம் கொடுக்கச் சொன்ன நூலகத்தைவிடக் காசு கொடுத்த நூலகத்துக்குப் புத்தகங்கள் எளிதாகப் போய்ச் சேர்ந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் டெல்லி ஏற்பாடு எடுத்துப்போனது புதிய நூல்களை மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு நூல்கள் இங்கேயே தனியார் வீடுகளில் பொடிந்துகொண்டிருந்தன.

அவற்றுக்கு வேறு வழி தேவைப்பட்டது. சிகாகோவில் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய ஆய்வு நூலக மையத்தில் 1967இல் தெற்காசிய நுண்படத் திட்டம் உருவானது. உறுப்பு நூலகங்கள் பணம் போட்டு அரிய நூல்களையும் இதழ்களையும் நுண்படம் எடுக்கும். சுருள் மையத்தில் இருக்கும். கேட்கிற உறுப்பினருக்கு இரவலாகப் போகும். மூலநூல் எங்கும் நகர வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வசதியின் அருமை தமிழகத்தில் தெரிந்தது 1990களில்தான். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். சென்னையில் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று பேதம் பாராமல் சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைத் தனியொருவராகச் சேர்த்திருந்தார். 1992இல் அவர் இறந்தார். தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. பழைய வழக்கப்படி என்றால் பெட்டிகள் கப்பலேறியிருக்கும். இம்முறை அப்படி நடக்கவில்லை. மொழி அறக்கட்டளையோடு சேர்ந்து 1994இல் சென்னையிலேயே ஓர் ஆய்வு நூலகம் அமைந்தது. புத்தகங்களை இங்கேயே செப்பனிட்டு, அட்டவணை போட்டு, நுண்படமெடுத்தார்கள். அந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் இங்கேயே உருவானார்கள்.

இந்த முடிவை எடுத்தவர்களுக்குத் தமிழ் ஆய்வுலகம் கடன்பட்டிருக்கிறது. தொகுப்பு மொத்தமாகப் போயிருந்தால், கோட்டையூரில் ஒருவர் சேர்த்த பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க மதுரை மாணவர் விசா வாங்க வேண்டியிருக்கும். இப்போது அவர் பேருந்து ஏறிச் சென்னைத் தரமணிக்குப் போனால் போதும்.

கோதுமைப் பணம் 1980களில் தீர்ந்துபோனது. டெல்லி அலுவலகம் மூடப்படவில்லை; பல்கலைக்கழகங்கள் டாலரில் பங்கு போட்டு, தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களை அதன் வழியாக வாங்கிவந்தன.