தந்தையர் செய்த சத்தியம்: பண்டை ஒலிம்பியாவிற் சிறுவர் போட்டிகள்

உடற்பயிற்சி கல்வியின் ஓர் உறுப்பென்பதை இன்று மறுப்பார் இலர். பாடசாலைகள் ஆண்டுதோறும் மெய்வல்லுநர் போட்டிகளை நடத்துகின்றன. வென்ற மாணவனை யாவரும் போற்றுகின்றனர். ஆயின் அம்மாணவனின் பின்னே நிற்போர் இரு திறத்தார்: அவனைப் பெற்றோர் ஒரு திறத்தார், பயிற்றுவோர் மற்றொரு திறத்தார். இவர்கள் தத்தம் எல்லையுணர்ந்து ஒருமித்து நிற்குமிடத்து மாணவன் வளர்கின்றான். முரணுமிடத்து நலிபவன் அவனே. இது நம் காலத்தார் புதிதாகக் கண்ட உண்மையன்று. ஏறத்தாழ ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சிறுவரைப் போட்டிக்களத்தில் இறக்கிய கிரேக்கர் இதனை நன்குணர்ந்து, அதற்கேற்ற முறைகளையும் வகுத்திருந்தனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

கிரேக்கச் சிறுவன் எழுத்தும் இசையும் கற்பதோடு அமைவதில்லை. உடலைப் பயிற்றும் ஆசிரியரிடத்தும் அனுப்பப்பட்டான். பிளேற்றோ இயற்றிய 'புரோத்தகோரஸ்' என்னும் உரையாடல் இதற்குக் காரணமும் கூறுகின்றது. நல்லறிவுக்கு நல்லுடல் ஏவல் செய்தல் வேண்டும். உடற்சோர்வினால் மகன் போரிலும் பிற செயல்களிலும் கோழையாகிவிடலாகாது என்பதே பெற்றோரின் நோக்கம். எனவே பெற்றோர் பயிற்சியாசிரியரை நாடியது முதற்கண் வெற்றிமுடி கருதியன்று, மகனின் வாழ்வு கருதியே என்பது தெளிவு.

ஒலிம்பியாப் போட்டிகள் கி.மு. 776 ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கணக்கிடுவது மரபு. அவற்றுட் சிறுவர்க்கென ஓட்டமும் மல்யுத்தமும் சேர்க்கப்பட்டது கி.மு. 632 இலாகும். நான்காண்டு கழித்து, அஃதாவது கி.மு. 628 இல், சிறுவர்க்கு ஐவகைப் போட்டியும் வைக்கப்பட்டது. அவ்வொருமுறை நடந்த பின் அது கைவிடப்பட்டது. சிறுவர் குத்துச்சண்டை கி.மு. 616 இற் புகுந்தது.

சிறுவர் களம் புகவே, அவர்க்குப் பொறுப்பாவார் யாவர் என்னும் வினாவும் உடன் எழுந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒலிம்பியாவை நேரிற் கண்டெழுதிய பௌசானியாஸ் என்பார் இதற்கு விடை தருகின்றார். அங்கே ஆலோசனை மண்டபத்தில், ஆணைக்குச் சான்றாகும் சியூஸ் தேவனின் படிமம் ஒன்று இரு கைகளிலும் இடியேறு தாங்கி, காண்பார் அஞ்சும் கோலத்தில் நின்றது. அதன்முன் காட்டுப்பன்றியின் இறைச்சித் துண்டங்களை வைத்து, போட்டிக்குத் தீங்கு யாதும் செய்யோம் எனச் சத்தியம் செய்தல் வேண்டும். சத்தியம் செய்தவர் போட்டியிடுவோர் மாத்திரமல்லர். அவர்தம் தந்தையரும், உடன்பிறந்த ஆடவரும், பயிற்சியாசிரியர்களும் அவ்வாணைக்கு உட்பட்டனர். சிறுவரை ஆராய்ந்து போட்டிக்கு ஏற்போரும், கைக்கூலி பெறாது நடுநின்று தீர்ப்போம், அறிந்த மறையை வெளியிடோம் எனத் தனியே ஆணையிட்டனர். வீட்டையும் பயிற்சிக்களத்தையும் ஒரே அறத்தாற் பிணித்த இம்முறை வியந்து போற்றத்தக்கது.

இவ்வாணை வெறுஞ் சடங்கன்று என்பதைக் கி.மு. 12 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டும். எலிஸ் நகரத்துத் தமோனிக்கஸ் என்பவனுடைய மகன் பொலிக்ற்றோர். சிமிர்ணா நகரத்துச் சொசாந்தர் என்பவனுடைய மகனும் தந்தை பெயரே பூண்டவன். இவ்விரு மைந்தரும் மல்யுத்தத்தில் எதிர்நின்றனர். தன் மகனே வெல்லவேண்டும் என்னும் அடங்கா வேட்கையாற் தமோனிக்கஸ் எதிரியின் தந்தைக்குப் பணம் கொடுத்தான்; அவனும் பெற்றுக்கொண்டான். செய்தி வெளிப்பட்டபோது நடுவர்கள் மைந்தரைத் தண்டித்தாரல்லர். உண்மைக் குற்றவாளிகள் தந்தையரே எனக் கண்டு அவர்மீதே தண்டம் விதித்தனர். அத்தண்டப் பணத்தால் இரு படிமங்கள் செய்து, ஒன்றினை எலிஸ் நகரத்துப் பயிற்சிக்கூடத்திலும், மற்றதனை ஒலிம்பியாவின் திருவளாகத்திலும் நிறுத்தினர். மகனின் புகழை விலைகொடுத்து வாங்க முயன்ற தந்தை தன் பழியையே கல்வெட்டாக்கினான். பயிற்சிபெற வரும் இளைஞர் நாள்தோறும் காணுமிடத்தில் ஒரு படிமத்தை நிறுத்திய நுட்பமும் கருதத்தக்கது.

இனித் தாயொருத்தியின் வரலாறு ஒன்று உளது. மணமான மகளிர் ஒலிம்பியாப் போட்டிகளைக் காணலாகாது என்பதும், மீறினால் செங்குத்தான மலையிலிருந்து உருட்டப்படுவர் என்பதும் அக்காலச் சட்டம். கல்லிபத்தைரா என்பாள் கணவனை இழந்த பின், பயிற்சியாசிரியர் போல வேடம் பூண்டு தன் மகனைத் தானே களத்திற்கு அழைத்து வந்தாள். மகன் வென்றதும் மகிழ்ச்சி மேலிட்டு வேலியைத் தாண்டிப் பாய்ந்தாள், வேடம் வெளிப்பட்டது. ஒலிம்பிய வெற்றியாளராகிய தந்தையையும் உடன்பிறந்தாரையும் மகனையும் கருதி நடுவர் அவளைத் தண்டியாது விடுத்தனர். ஆனால் அன்றுதொட்டுப் பயிற்சியாசிரியரும் ஆடையின்றியே களம் புகவேண்டும் என விதித்தனர். அத்தாயின் அன்பைக் குறைகூறுவார் யார்? குறை அவளை விலக்கிய சட்டத்ததே. பெற்றோர்க்குக் களத்தருகே முறையான இடம் இல்லையாயின், அவரன்பு முறையல்லாத வழியிற் புகும் என்பதே இதனாற் பெறப்படுவது.

பெற்றோரின் அவசரத்தைக் குறித்து அரிஸ்தோத்தில் தம் 'அரசியல்' நூலிற் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறுவராயிருந்தபோதும் ஆடவரான பின்னும் ஒலிம்பியாவில் வென்றவர் இருவர் மூவரே என்றும், இளமையிற் செய்த கடும்பயிற்சி அவர்தம் வலிமையை உண்டுவிட்டதே அதன் காரணம் என்றும் அவர் உரைத்தார். பருவம் எய்தும்வரை இலகுவான பயிற்சியே தகும். கட்டாய உணவும் வலிந்த உழைப்பும் ஆகா என்பது அவர் துணிபு. இதற்கு மாறாகக் காத்திருந்து பயன்பெற்றவன் ஏஜினாத் தீவினனாகிய பெரியாஸ். கி.மு. 468 இல் மிக இளையன் என நடுவர் அவனை விலக்கினர். கி.மு. 464 இல் மீண்டு வந்து சிறுவர் மல்யுத்தத்தில் அவன் வாகை சூடினான். விலக்கிய தீர்ப்பு அவனுக்குக் கேடாகவில்லை.

பயிற்சியாசிரியரின் பெருமையையும் அவர்கள் மறந்தாரல்லர். கிராத்தினஸ் என்னும் இளமல்லன் வென்றபோது, அவன் படிமத்தோடு அவனுடைய பயிற்சியாசிரியரின் படிமத்தையும் ஒலிம்பியாவில் நிறுவ இசைவளித்தனர். பிண்டார் என்னும் பெரும்புலவர் சிறுவன் ஒருவனின் வெற்றியைப் பாடுமிடத்து, அவனைப் பயிற்றிய மெலேசியாசையும் உடன் வைத்துப் புகழ்ந்தார்.

தற்கால ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரரின் உறுதிமொழி 1920 இல் அந்துவேப்பிலும், நடுவரின் உறுதிமொழி 1972 இலும் தொடங்கின. பயிற்சியாளரின் உறுதிமொழி 2012 இல் இலண்டனில் இடம்பெற்றது. பெற்றோர்க்கு மட்டும் அங்கு உறுதிமொழி இல்லை. பண்டையோர் முதலிலேயே பிணித்த ஒருவரை நாம் வெளியே விட்டிருக்கின்றோம். சிறுவர் விளையாட்டிலோ அவர் இடம் மிகப் பெரிது. உணவும் உறக்கமும் தருபவர் அவர். தோல்வியடைந்து வீடு திரும்பும் மகன் முதலிற் பார்ப்பது அவர் முகத்தையே.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கன சில உள. பயிற்சியாசிரியரைப் பருவத் தொடக்கத்திலேயே கண்டு, அவர் நெறியை அறிதல் வேண்டும். பிள்ளையின் நோய், களைப்பு, பாடச்சுமை என்பவற்றை மறையாது அவர்க்கு உரைத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் களத்தில் நின்று கூவாது, தனித்துப் பேசித் தீர்த்தல் வேண்டும். நடுவரின் தீர்ப்பைப் பிள்ளையின் முன் இழித்துரைத்தல் ஆகாது. பயிற்சியாசிரியரும் பெற்றோரை இடையூறு எனக் கருதாது, அவர் வினாக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர். குழுவுக்கு யாரைத் தெரிவது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பன அவர் பொறுப்பு. பிள்ளையின் உடல்நலமும் கல்வியும் இருவர்க்கும் பொது.

வென்ற சிறுவனுக்கு ஒலிம்பியாவிற் கிடைத்தது காட்டொலிவத் தழைமுடி ஒன்றே. அது வாடிவிடும். அதனைப் பெறும்பொருட்டு அவன் கற்ற நேர்மையும், அவனுக்காகப் பெற்றோரும் ஆசிரியரும் காத்த சத்தியமுமே வாடாது நிற்பன.